மாருத் தாண்டாத எல்லை: இந்தியச் சோதனை விமானிகளும் ஒலிவேகமும்

1. கேள்வி

1961 ஜூன் 17 அன்று பெங்களூரில், அப்போது ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்று பெயர் கொண்டிருந்த எச்.ஏ.எல். நிறுவனத்தின் ஓடுதளத்திலிருந்து விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் ஒரு புதிய போர்விமானத்தை வானேற்றினார். எச்.எஃப்-24 என்பது அதன் எண். மாருத் என்பது பெயர். ஒலியைப் போல இருமடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்று விமானப்படை கேட்டிருந்த விமானம் அது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட இன்னொரு போர்விமானமான தேஜஸ் ஒலிவேகத்தைத் தாண்டியது 2003 ஆகஸ்ட் 1 அன்று. இரண்டு நாள்களுக்கும் இடையே 42 ஆண்டுகள்.

இந்த இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒரே வரிதான்: மாருத்துக்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. பள்ளி மாணவர்க்கான அறிவியல் நூல்களிலிருந்து படைத்துறை நினைவுக் குறிப்புகள் வரை இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. அது பொய்யில்லை. ஆனால் அது முழு விடையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. எஞ்சின், விமான உடல், அதைப் பறந்து அளந்து சொல்லும் விமானி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு விமானம் ஒலிவேகத்தைத் தாண்டுகிறது. மூன்றில் எது எங்கே தடுமாறியது என்று பார்த்தால், பழக்கப்பட்ட கதையில் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன.

2. ஒலிவேகம் ஒரே எண்ணா?

வாதத்துக்குள் போகுமுன் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒலி காற்றில் செல்லும் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் 35 பாகை செல்சியஸ் வெயில் அடிக்கும் நண்பகலில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,267 கிலோமீட்டர். அங்கிருந்து கல்வராயன் மலையேறிக் கரியாலூரை அடைந்து, அங்கே வெப்பநிலை 25 பாகையாக இருந்தால், அது 1,246 ஆகக் குறையும். 11 கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்குக் கீழே 56 பாகைக் குளிரில், அது 1,062 கிலோமீட்டர்தான்.

இதனால்தான் விமானிகள் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசாமல் மாக் எண்ணில் பேசுகிறார்கள். விமானத்தின் வேகத்தை அந்த இடத்து ஒலிவேகத்தால் வகுத்தால் வருவது மாக் எண். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயரால் வழங்குவது. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06 எட்டியபோது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 1,127 கிலோமீட்டர். அதே வேகத்தில் அவர் கோடைக்காலக் கள்ளக்குறிச்சியின் வயல்வெளிக்குச் சற்று மேலே பறந்திருந்தால் மாக் 0.89 தான் வந்திருக்கும். வரலாற்றில் இடம் கிடைத்திருக்காது. ஒரு விமானம் ஒலியைத் தாண்டியதா என்ற கேள்விக்கு எந்த உயரத்தில், மட்டமாகவா சரிந்து பாய்ந்தா என்ற விவரங்கள் இல்லாமல் விடை சொல்லக் கூடாது. மாருத்தைப் பற்றிய பல வாக்குவாதங்கள் இந்த விவரங்களை விட்டுவிட்டே நடந்திருக்கின்றன.

வெடிச்சத்தம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 2020 மே 20 அன்று பிற்பகல் பெங்களூர் நகரம் முழுதும் ஒரு பெருஞ்சத்தம் கேட்டது. விமானப்படையின் சோதனை நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலிவேகத்துக்கு மேலிருந்து வேகம் குறைந்தபோது எழுந்த சத்தம் அது என்று பாதுகாப்புத் துறை விளக்கியது. ஒலிவேகத்தைக் கடக்கும் ஒரே கணத்தில்தான் இந்தச் சத்தம் பிறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒலியை மிஞ்சி விமானம் பறக்கும் நேரம் முழுவதும் அதன் அதிர்வலை, படகின் பின்னே விரியும் அலைபோல, தரையைத் தடவிக்கொண்டே போகிறது. அந்த அலை நம்மைத் தொடும் நொடியில் மட்டும் நமக்குக் கேட்கிறது. 

3. வீரக்கதையும் பறப்பு அட்டையும்

ஒலிவேகத்தின் தொடக்க வரலாறு பெரும்பாலும் வீரக்கதையாகவே சொல்லப்படுகிறது. ஒரு தடை, அதை உடைக்கும் ஒரு துணிச்சல்காரர். டேவிட் லீன் 1952இல் இயக்கிய 'தி சவுண்ட் பேரியர்' திரைப்படம் இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. ஒலிவேகத்தின் வாசலில் கட்டுப்பாட்டுத் தண்டை எதிர்த்திசையில் தள்ளி நாயகன் தப்பிப்பதாக அப்படம் காட்டுகிறது. அப்படிச் செய்து எந்த விமானியும் ஒலியைத் தாண்டவில்லை.

நடந்தது வேறு. 1946 செப்டம்பர் 27 அன்று பிரிட்டனில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் டி.எச்.108 என்ற வாலற்ற விமானத்தில் பறந்தபோது அது வானிலேயே உடைந்து அவர் இறந்தார். ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்று இறுகி, அதிர்வலைகள் இறக்கை மீதும் வால் மீதும் உட்கார்ந்துகொண்டு, கட்டுப்பாட்டுத் தகடுகளைச் செயலிழக்கச் செய்கின்றன. யேகருக்கும் இதுவே நேர்ந்தது. 1947 ஆகஸ்ட் 29 அன்று அவர் மாக் 0.85 வரை போனார். அடுத்தடுத்த பறப்புகளில் சிறிது சிறிதாக வேகம் கூட்டியபோது மாக் 0.94 அளவில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடு பயனற்றுப் போயிற்று. பொறியாளரும் விமானியுமான ஜாக் ரிட்லி, கிடைவால் முழுவதையும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்கலாம் என்றார். அது வேலை செய்தது. யேகரின் துணிச்சலை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இரண்டு விலா எலும்புகள் முறிந்த நிலையில் அவர் அக்டோபர் 14 அன்று பறந்தார். ஆனால் எல்லையைத் தாண்ட வைத்தது, ஒவ்வொரு பறப்பிலும் ஒரு சிறு படி மட்டும் ஏறி, கண்டதை எழுதி, அதற்கேற்ப அடுத்த படியை மாற்றிக்கொண்ட முறைதான்.

அந்த முறைதான் சோதனை விமானியின் தொழில். ஒவ்வொரு பறப்புக்கும் ஓர் அட்டை உண்டு. இந்த உயரம், இந்த வேகம், இந்தத் திருப்பம், அப்போது அளக்க வேண்டியவை என்று அதில் வரிசையாக இருக்கும். அட்டையில் இல்லாததை விமானி செய்யக் கூடாது. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எவ்வளவு சுமை வரை ஒரு விமானத்தை நம்பலாம் என்ற வரம்பை இப்படித்தான் அங்குலம் அங்குலமாக விரிக்கிறார்கள்.

பிரிட்டன் 1943இல் இதற்கென எம்பயர் சோதனை விமானிகள் பள்ளியைத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய விமானப்படை தன் விமானிகளை அங்கே அனுப்பியது. சுரஞ்சன் தாஸ் அப்படிப் பயின்று திரும்பியவர். இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்த சுதி ரஞ்சன் தாஸின் மகன். 1957இல் கான்பூரில் விமானங்களையும் ஆயுதங்களையும் சோதிக்கும் ஓர் அலகு உருவானது. அதே ஆண்டு இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு மிஸ்தேர், பிரிட்டிஷ் ஹண்டர் ஆகிய இரண்டும் சரிந்து பாய்ந்தால் ஒலியைத் தாண்டும். ஆக, ஒலிவேகத்தை உடலால் அறிந்த இந்திய விமானிகள் மாருத் பிறப்பதற்கு முன்பே இருந்தார்கள்.

4. குர்ட் டாங்க்

மாருத்தை வடிவமைக்க அழைக்கப்பட்டவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற ஃபோக்-வுல்ஃப் 190 விமானத்தின் சிற்பி. தான் வரைந்த விமானங்களைத் தானே ஓட்டிச் சோதித்தவர் என்பது அவருடைய தனிச்சிறப்பு. போருக்குப் பின் அர்ஜென்டினா சென்று புல்கி 2 என்ற ஜெட் விமானத்தை உருவாக்கினார். அதைச் சோதித்தவர்களில் இருவர் உயிரிழந்தனர். 1955இல் அந்நாட்டு அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு டாங்க் பெங்களூர் வந்தார். ஒரு சிறு ஜெர்மானியக் குழு அவரோடு பணியாற்றியது.

தமிழ் வாசகர்களுக்கு இப்பெயர் முற்றிலும் புதிதல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இருந்த ஜெர்மானியப் பேராசிரியர்களில் ஒருவராக அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் டாங்க்கைக் குறிப்பிடுகிறார். அங்கே விமானப் பொறியியல் படித்த கலாம், விமானப்படை விமானியாக முயன்று தேர்வில் ஒரே ஓர் இடத்தில் வாய்ப்பை இழந்தவர். பின்னர் பெங்களூரில் அவர் உருவாக்கிய 'நந்தி' என்ற மிதவை ஊர்தியில் ஏறிப் பார்த்தவர் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். 1961 ஜூன் 24 அன்று மாருத்தின் முறையான காட்சிப் பறப்பைப் பார்க்க வந்திருந்தவரும் அவரே. ஒரு சிறிய வட்டத்துக்குள்தான் அன்றைய இந்திய வானூர்தித் துறை இருந்தது. அதன் நெருக்கத்தையும் அதன் போதாமையையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

போதாமை எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒலிவேகத்தைக் கடக்கும் விமானத்தின் உடலைத் தீர்மானிக்கப் பெரிய அதிவேகக் காற்றுச்சுரங்கம் வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவான் நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச்சுரங்கத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் அது ஆய்வுக்கூட அளவிலானது. தேசிய வானூர்தி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச்சுரங்கம், அதாவது ஒலிக்குக் கீழும் ஒலியை ஒட்டியும் ஒலிக்கு மேலும் சோதிக்கவல்ல பெரிய சுரங்கம், இயங்கத் தொடங்கியது 1967இல். அதற்குள் மாருத் விமானப்படைக்கே போய்விட்டது.

5. மரத்தில் பறந்த மாருத்

சுரங்கம் இல்லாத நிலையில் டாங்க் எடுத்த வழி வியக்கத்தக்கது. மாருத்தின் முழு அளவில், இருவர் அமரும் ஒரு மரக் கிளைடரைச் செய்தார்கள். எஞ்சின் கிடையாது. டக்கோட்டா விமானம் கயிறு கட்டி அதை உயரே இழுத்துச் செல்லும். கயிற்றை விடுவித்ததும் விமானிகள் அதை இறக்கிக்கொண்டு வர வேண்டும். 1959 ஏப்ரலில் தொடங்கி 1960 மார்ச் வரை 78 பறப்புகள் நடந்தன. கடைசிப் பறப்பில் மூக்குச் சக்கரம் இறங்காமல் போனதால் கிளைடர் சேதமடைந்தது.

கிளைடர் சோதனையின் வரம்பையும் சொல்ல வேண்டும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை மெதுவான வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும், தரையிறங்கும்போது மூக்கு எவ்வளவு தூக்கும், விமானி கைக்கு விமானம் எவ்வளவு கீழ்ப்படியும் என்பவற்றை அது சொல்லும். ஒலிவேகத்தை ஒட்டி எழும் இழுவிசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மாருத்தின் மெதுவேகக் கையாளுமையை விமானிகள் பின்னாளில் பெரிதும் பாராட்டியதையும், அதன் மீவேகச் செயல்திறன் எதிர்பார்ப்பை எட்டாததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதைச் சோதிக்க முடிந்ததோ அது நன்றாக வந்தது என்று தோன்றுகிறது. இது ஓர் அனுமானமே. ஆனால் 78 பறப்புகள் விட்டுச்சென்ற பயனைப் புறக்கணிக்க முடியாது.

கிளைடரின் கடைசிப் பறப்புக்கும் ஜெட் முன்மாதிரியின் முதல் பறப்புக்கும் இடையே 15 மாதங்கள்தான். அன்றைய வசதிகளை எண்ணினால் இது விரைவான வேலை.

6. எஞ்சின்: மூன்று விளக்கங்கள்

டாங்க் வரைந்த விமானம் பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை நம்பி வரையப்பட்டது. பின்னெரிப்பானோடு அது ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு உந்துவிசை தரும் என்று கணக்கு. பின்னெரிப்பான் என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிக்கும் அமைப்பு. எரிபொருளை வாரி விழுங்கும், ஆனால் உந்துவிசையைச் சட்டென்று உயர்த்தும். ஆர்ஃபியஸ் 12 முழுமை பெறவே இல்லை. மாருத்துக்கு வாய்த்தது, பெங்களூரிலேயே உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட ஆர்ஃபியஸ் 703. பின்னெரிப்பான் இல்லாத அதன் உந்துவிசை 4,850 பவுண்டு. இரண்டு எஞ்சின் சேர்ந்தும் திட்டமிட்டதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே.

இதை விளக்குவதில் மூன்று தரப்புகள் உண்டு.

முதல் தரப்பு, வெளிநாடு கைவிட்டது என்கிறது. மேற்கத்திய நாடுகளுக்கு அந்த எஞ்சின் தேவைப்படாமல் போனதும் பிரிட்டன் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. உற்பத்தியாளர் இந்தியாவிடம் செலவைக் கேட்டார். இரண்டாம் தரப்பு, அந்தச் செலவை ஏற்க மறுத்த டில்லியையே குற்றம் சாட்டுகிறது. ஒரு போர்விமானத் திட்டத்தையே தொடங்கிவிட்டு அதன் இதயத்துக்குப் பணம் ஒதுக்காதது தொலைநோக்கற்ற சிக்கனம் என்பது அவர்கள் வாதம். இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். ஆவணங்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. எனினும், அந்நியச் செலாவணி வறண்டிருந்த அந்த ஆண்டுகளில், வேறெந்த விமானத்திலும் பயன்படாத ஓர் அயல்நாட்டு எஞ்சினுக்கு முழுச் செலவையும் தாங்கும் முடிவு எளிதாக இருந்திருக்கும் என்று இன்று அமர்ந்து தீர்ப்பளிப்பது நியாயமில்லை.

மூன்றாம் தரப்பு அதிகம் பேசப்படாதது: விமான உடலிலேயே இழுவிசை மிகுதி. இதை எடைபோட ஓர் அரிய சான்று எகிப்திலிருந்து கிடைக்கிறது.

7. ஹெல்வான் தரும் சான்று

ஜெர்மானிய வடிவமைப்பாளர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் முதலில் ஸ்பெயினுக்காக வரைந்து, பின் எகிப்து வாங்கிக்கொண்ட எச்.ஏ-300 என்ற சிறு முக்கோண இறக்கை விமானத்தைக் கெய்ரோவுக்கு அருகே ஹெல்வானில் 1964 மார்ச் 7 அன்று முதன்முதலாகப் பறக்கவிட்டவர் ஓர் இந்தியர்: கபில் பார்கவா. இந்தியாவும் எகிப்தும் செய்துகொண்ட ஏற்பாட்டின் நோக்கம் தெளிவானது. ஆஸ்திரியப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்த இ-300 எஞ்சின் வெற்றி பெற்றால் மாருத்துக்கும் அது பயன்படும். ஒரு மாருத்தும் எகிப்துக்கு அனுப்பப்பட்டு அதில் இ-300 பொருத்திப் பறக்கவிடப்பட்டது. 1969இல் எகிப்தின் திட்டமே முடிவுக்கு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது: இ-300 தயாராகும்வரை எச்.ஏ-300இன் முன்மாதிரிகள் பறந்தது ஆர்ஃபியஸ் 703இல். மாருத்தில் இருந்த அதே எஞ்சின், ஆனால் ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை எஞ்சினோடு அது மாக் 1.13 எட்டியதாகப் பதிவாகியுள்ளது. மாருத்துக்கு நூல்கள் தரும் உச்ச எண் மாக் 1.02.

எடையோடு வைத்துப் பார்த்தால் முரண் இன்னும் கூர்மையாகிறது. எச்.ஏ-300இன் பறப்பெடை ஏறத்தாழ 5,400 கிலோ. உந்துவிசை 2,200 கிலோ அளவு. விகிதம் 0.4. வெளிச்சுமை இல்லாத மாருத்தின் எடை ஏறத்தாழ 8,950 கிலோ. இரண்டு எஞ்சினும் சேர்ந்து 4,400. விகிதம் 0.49. எடைக்கு ஏற்ற உந்துவிசையில் மாருத்தே முன்னே நிற்கிறது. ஆனாலும் பின்தங்கியது. ஒலிவேகத்தை ஒட்டி எதிர்ப்பது எடையைவிட இழுவிசை என்பதால், மாருத்தின் உடல், இரண்டு எஞ்சின் அடுத்தடுத்து வைக்கப்பட்ட அகன்ற பின்பகுதி, அங்கே எழும் இழுவிசை ஆகியவற்றை நோக்கி விரல் நீட்டுவது தவிர்க்க முடியாததாகிறது.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறிச் சுமக்க வைக்கவும் கூடாது. ஒன்று இலகுவான ஆய்வு முன்மாதிரி. மற்றொன்று நான்கு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகளும் போர்க்கருவிகளும் எரிபொருளும் சுமக்க வேண்டிய படைவிமானம். சோதனை நிலைமைகளும் ஒன்றல்ல. இருந்தும் 'எஞ்சின் மட்டுமே குறை' என்ற வாக்கியம் இந்த எண்களுக்கு முன் நிற்காது. வலிமையான எஞ்சின் வந்திருந்தால் மாருத் மாக் 1ஐ வசதியாகத் தாண்டியிருக்கும். மாக் 2ஐ எட்டியிருக்கும் என்பது ஐயத்துக்குரியது. பின்னெரிப்பானைப் பொருத்த வேண்டுமானால் வால்பகுதியை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்தினால் இழுவிசை மேலும் கூடும். இந்தச் சிக்கலைத்தான் 1960களின் இறுதியில் பெங்களூரில் தீர்க்க முயன்றார்கள்.

8. 1970 ஜனவரி 10

எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம் ஆர்ஃபியஸ் 703க்கு உள்நாட்டிலேயே ஒரு பின்னெரிப்பானை உருவாக்கியது. அது பொருத்தப்பட்ட மாருத்தை 1970 ஜனவரி 10 அன்று குரூப் கேப்டனாகியிருந்த சுரஞ்சன் தாஸ் ஓட்டினார். வானேறிய உடனே விமானம் விழுந்து அவர் இறந்தார். விமானி அறையின் கண்ணாடிக் கூடு பூட்டு விலகித் திறந்துகொண்டதே தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மாக் எண்ணோடோ பின்னெரிப்பானோடோ தொடர்பில்லாத ஒரு பூட்டு.

தாஸுக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. பெங்களூரில் பழைய மதராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலைக்கு அவர் பெயர். மாருத்தை மட்டுமல்ல, கிரண் பயிற்சி விமானத்தையும் 1964இல் முதன்முதலாகப் பறக்கவிட்டவர் அவர். ஒரு நாட்டின் சோதனைப் பறப்பு அனுபவத்தில் எவ்வளவு பெரிய பங்கு ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தது என்பதை நினைத்தால் அந்த விபத்தின் இழப்பு புரியும்.

மாருத் அதற்குப் பிறகும் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள். அவற்றில் 18 இருவர் அமரும் பயிற்சி வகை. 1967 முதல் மூன்று அணிகள் அதை ஏற்றன. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத்தாக்குதலில் அது தன்னை நிறுவிக்கொண்டது. எஞ்சின் ஒன்று அடிபட்ட பிறகும் மற்றொன்றோடு தளம் திரும்பிய விமானங்கள் உண்டு. வான்சண்டையில் ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை. மாக் எண்ணை மட்டும் வைத்து அதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

9. அறுந்தது எது?

இதற்கிடையே 1963இல் சோவியத் மிக்-21 வந்துவிட்டது. சண்டிகரில் அதை ஏற்ற 28ஆம் அணி இன்றும் 'முதல் மீயொலி அணி' என்ற பொருள் தரும் அடைமொழியைத் தாங்குகிறது. மாக் 2 விமானம் உரிமத்தோடு நாசிக்கில் உற்பத்தியாகத் தொடங்கியபின் மாருத்தை ஒலிக்கு மேலே தள்ளும் அவசரம் தணிந்தது. மாருத்தின் அடுத்த தலைமுறையாக எண்ணப்பட்ட எச்.எஃப்-73 வரைபடத்தைத் தாண்டவில்லை. டாங்க் 1967இல் பெங்களூரை விட்டுப் போயிருந்தார்.

இந்தியா 1970களில் தன் சோதனைப் பறப்புக் கலையையே இழந்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. சான்றுகள் அதற்கு எதிராகவே இருக்கின்றன. கான்பூர் அலகு பெங்களூருக்கு மாறி இன்றைய விமான மற்றும் அமைப்புகள் சோதனை நிறுவனமாக வளர்ந்தது. 1973இல் இந்தியாவுக்கென ஒரு சோதனை விமானிகள் பள்ளி அங்கே தொடங்கியது. வெளிநாட்டு விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்ததால் சோதனை விமானிகளுக்கு வேலை குறையவே இல்லை. விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர் ராகேஷ் சர்மா இந்த மரபில் வந்தவர், பின்னாளில் எச்.ஏ.எல்.லின் தலைமைச் சோதனை விமானியானார். ககன்யான் திட்டத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட நால்வரும் சோதனை விமானிகளே. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

விமானிகளின் தொடர்ச்சி அறாமல் இருக்க, அறுந்தது வடிவமைப்பாளர்களின் தொடர்ச்சி என்பதே இக்கட்டுரையின் முடிபு. மாருத்தின் உடலில் என்ன பிழை என்று விமானிகள் கொண்டுவந்த செய்தியை அடுத்த போர்விமானத்தின் வரைபடமாக மாற்ற, வரைபலகையில் அடுத்த போர்விமானம் இருந்திருக்க வேண்டும். இலகுரகப் போர்விமானத் திட்டம் 1983இல் ஒப்புதல் பெற்று, அடுத்த ஆண்டு அதற்கென ஒரு முகமை உருவானபோது, மாருத்தை வரைந்த தலைமுறையின் பெரும்பகுதி ஓய்வை நெருங்கியிருந்தது அல்லது ஓய்வு பெற்றிருந்தது. மாருத்தைப் பெரிய காற்றுச்சுரங்கம் இல்லாமல் வரைய நேர்ந்தது குறை. சுரங்கம் வந்தபின் அதில் சோதிக்க ஒரு தொடர்விமானம் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய குறை.

2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸின் முதல் முன்மாதிரியை 18 நிமிடம் பறக்கவிட்டார். அதிலிருந்து ஒலிவேகத்தைத் தாண்ட இரண்டரை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். தாமதம் என்று அன்று விமர்சித்தவர்கள் உண்டு. கணினியே கட்டுப்பாட்டை ஏற்கும், தானாக நிலைகொள்ளாத ஒரு விமானத்தில் ஒவ்வொரு வேகப்படியிலும் இறக்கை அதிர்வையும் கட்டுப்பாட்டு விதிகளையும் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போயிருந்தால், டி ஹாவிலண்டின் கதி பெங்களூர் வானில் நேர்ந்திருக்கலாம். அந்த நிதானத்தை மதிக்கத் தெரிய வேண்டும்.

ஏனென்றால் இந்தத் தொழில் இன்னும் உயிர்களைக் கேட்கிறது. 2009 மார்ச் 6 அன்று பெங்களூரை அடுத்த பிடதி அருகே, உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட சரஸ் பயணிகள் விமானத்தின் முன்மாதிரி விழுந்து இரண்டு விமானிகளும் ஒரு சோதனைப் பொறியாளரும் இறந்தார்கள். வானில் எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கும் சோதனை அது, வகுத்திருந்த நடைமுறையே பிழையானது என்று விசாரணை கண்டது. அட்டையில் எழுதும் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 2019 பிப்ரவரி 1 அன்று, சுரஞ்சன் தாஸ் மாருத்தைக் கிளப்பிய அதே எச்.ஏ.எல். விமான நிலையத்தில், மேம்படுத்தப்பட்ட மிராஜ் 2000 ஒன்றைச் சோதித்த ஸ்க்வாட்ரன் லீடர்கள் சமீர் அப்ரோலும் சித்தார்த்த நேகியும் உயிரிழந்தார்கள்.

10. எஞ்சின், மீண்டும்

தேஜஸின் விமான உடல் ஒலிக்கு மேலே பறக்கத் தகுந்தது என்பது 2003க்குப் பின் ஐயமற்ற செய்தி. மாருத்தின் பாதி வினா அங்கே விடை பெற்றுவிட்டது. மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. தேஜஸுக்காகவே தொடங்கப்பட்ட காவேரி எஞ்சின், மாருத்துக்குப் பின்னெரிப்பான் செய்த அதே நிறுவனத்தின் முயற்சி; 2008இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கோவைக்கு அருகே சூலூரில் 2018இல் குடியேறிய 45ஆம் அணியும், 2020 மே மாதம் அங்கேயே தேஜஸோடு மறுபிறப்பெடுத்த 18ஆம் அணியும் அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் எஃப்-404 எஞ்சினில்தான் பறக்கின்றன. மேம்பட்ட தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் 83க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தமாயிற்று. அந்த வரிசையின் முதல் விமானம் 2024 மார்ச் 28 அன்று பெங்களூரில் பறந்தது. அவற்றுக்கென வாங்கப்பட்ட 99 எஞ்சின்களில் முதலாவதை ஜி.இ. ஒப்படைத்தது 2025 மார்ச்சில்.